உள்தாழ்

“கதவோட குறுக்குமரம் எங்க கிடந்துச்சு, இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே.”

வரைபடக்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பெருமூச்சு விட்டார். இந்த வாரத்தில் குழுத் தலைவியான மேடம் இதைக் கேட்பது நான்காவது முறை. முப்பது வருடமாக அகழாய்வுக் குழிகளில் இறங்கி அளந்து வரைகிறவர் அவர். இப்படி ஒரு சந்தேகப் பிராணியிடம் இதுவரை மாட்டியதில்லை.

“சுவத்துப் பொந்துக்குள்ளதான் மேடம். முழுசா உள்ள தள்ளிக் கிடந்துச்சு.”

மேடம் தலையாட்டிவிட்டு மறுபடியும் குழிக்குள் இறங்கினார்.

அது பழைய கோட்டையின் வாசல் இருந்த இடம். எழுநூறு வருடங்களுக்கு முன்னால் எட்டு மாதம் முற்றுகையில் கிடந்த ஊர், ஒரே ராத்திரியில் எதிரி கைக்குப் போய் எரிந்தது. பொன்முடிப்பை வாங்கிக்கொண்டு வாசல் காவலன்தான் கதவைத் திறந்துவிட்டான் என்பது ஊர்ப் பேச்சு. அவன் வம்சம் என்று சொல்லப்படும் குடும்பத்துக்கு இன்றைக்கும் ‘கதவுக்காரன் வீடு’ என்றுதான் பெயர். அந்த வீட்டு ஆள் கடைக்குள் நுழைந்தால், “சாவியை எடுத்து உள்ள வை” என்று யாராவது கிண்டலடிப்பார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அந்த வீட்டில் இப்போது மிஞ்சியிருப்பவர் ஒரே ஒரு பெரியவர். தோண்ட ஆரம்பித்த நாளிலிருந்து அவர் தினமும் சாயங்காலம் கம்பிவேலிக்கு வெளியே வந்து நின்றார். யாரென்று கூலியாட்கள் சொன்ன பிறகு வரைபடக்காரருக்கு மனசு கேட்கவில்லை. வேலை முடிந்து போகும்போது இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்.

பெரியவர் கதவைப் பற்றி வாயே திறக்கமாட்டார். இன்றைக்கு வெயில் அதிகமா, குழிக்குள் மண் சரியாமல் முட்டுக் கொடுத்திருக்கிறார்களா, மேடம் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா என்றெல்லாம் சுற்றி வளைத்து விசாரிப்பார். கேட்கவேண்டியதைக் கேட்கக் கூச்சம், பாவம் என்று வரைபடக்காரர் நினைத்துக்கொள்வார். குடும்பத்தைப் பற்றி ஒருமுறை கேட்டபோது, “பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல பேச்சு தாங்க முடியல. வெளியூருக்கு அனுப்பிட்டேன். போனது போனதுதான்” என்றார்.

ஒருநாள் பெரியவருக்காக மேடத்திடம் பேசிப் பார்த்தார். ஒரு நிமிஷம் வந்து ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டார்.

“வேலை முடியட்டும்” என்றார் மேடம், நிமிராமலே. “இப்ப அவர் முகத்தைப் பாத்தா எனக்குக் கை ஓடாது.”

கல் நெஞ்சு என்று வரைபடக்காரர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

ஆனால் சாட்சியம் தெளிவாக இருந்தது. கதவை வெளியிலிருந்து உடைத்திருந்தால், அதை அடைக்கும் குறுக்குமரம் வாசலுக்குக் குறுக்கே முறிந்து விழுந்திருக்க வேண்டும். அது கரிக்கட்டையாகப் பொந்துக்குள் இருந்தது. அதைப் பூட்டும் இரும்பு முளை கழற்றப்பட்டு, பக்கத்துக் கொக்கியில் மாட்டியபடியே துருவேறி ஒட்டிப்போயிருந்தது. உள்ளேயிருந்து யாரோ நிதானமாகத் திறந்திருக்கிறார்கள். மேடம் எதிர்ச் சுவரையும் தோண்டிப் பார்த்தார். கரியையும் இரும்பையும் சோதனைக்கு அனுப்பினார். எல்லாம் அதையேதான் சொன்னது.

கூடவே இன்னொன்றும் கிடைத்தது. காவலறைத் தரைக்குக் கீழே ஏழு சின்னக் குழிகள். ஏழிலும் குழந்தைகள். அடுப்புச் சாம்பலில் எலி எலும்புகளும், கத்தியால் நறுக்கிய செருப்புத் தோலும். பொன் என்று ஒரு பொட்டுக்கூட இல்லை.

அறிக்கையை எழுதி முடித்த சாயங்காலம், கூடாரத்தில் அதைப் படித்துப் பார்த்த வரைபடக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“பிள்ளைங்க பட்டினியில சாகறதைப் பாக்க முடியாமத்தான் திறந்தான்னு ஒரு வரி சேத்துடுங்க மேடம். அந்தக் குடும்பம் தலை நிமிரும்.”

மேடம் அந்தத் தாளை வாங்கி மேசையில் வைத்தார்.

“எனக்கும் ஆசைதான்ணே. ஆனா திறந்தாங்கன்னுதான் மரம் சொல்லுது. ஏன்னு அது சொல்லலையே. குழியில கண்டதை எல்லாம் எழுதியிருக்கேன். படிக்கிறவங்க முடிவு பண்ணட்டும்.”

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து, முகம்கூடக் கழுவாமல், நேராக வேலியைப் பார்த்து நடந்தார். இத்தனை நாள் காத்திருந்த மனுஷனிடம் மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிடப் போகிறாரே என்று வரைபடக்காரர் பின்னாலேயே ஓடினார்.

பெரியவர் நின்ற இடத்திலேயே நின்றார். மேடம் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“கதவைத் திறந்தது நம்ம வீட்டு ஆளுதாம்ப்பா.”

“அது கிடக்கட்டும்” என்றார் பெரியவர். “வேலைதான் முடிஞ்சிருச்சே, இப்பவாச்சும் வீட்டுக்கு வாம்மா.”