நடு ஆற்றுப் பாலம்

“யாரும்மா உங்களை நடு ஆத்துல பாலம் கட்டச் சொன்னது?”

படகில் எழுந்தே நின்றுவிட்டார், வேலையைப் பார்வையிட வந்த மாநில நிதித்துறை அதிகாரி. ஆற்றின் ஆழத்திலிருந்து வரிசையாகத் தூண்கள் எழுந்து நின்றன. தலைக்கு மேலே வானத்தை மறைத்துக் கான்கிரீட் தளம். சுழித்து வந்த நீர் தூண்களில் மோதி இரண்டாகப் பிளந்து போனது. ஆனால் அந்தப் பாலம் இந்தக் கரையையும் தொடவில்லை, அந்தக் கரையையும் தொடவில்லை.

“உட்காருங்க சார், கவுந்துடும். பாலத்தைச் சொல்லல, படகைச் சொன்னேன்” என்றார் படகோட்டி.

ஊராட்சித் தலைவி சிரிக்கவில்லை. “முதல் தவணையில பாதிப் பாலம் முடிச்சாதான் அடுத்த தவணைன்னீங்க. முடிச்சுட்டோம் சார்.”

“கரையிலிருந்துல்லம்மா ஆரம்பிப்பாங்க! இதுல ஏற நாம பறவையாப் பொறந்திருக்கணும்.”

திட்டினாரே தவிர, அவர் பார்வை தூண்களை விட்டு அகலவில்லை. இவ்வளவு சின்ன ஊர் இதை எப்படி எழுப்பியது?

“ஆஸ்பத்திரி அக்கரையில இருக்கு சார்” என்றார் படகோட்டி. “போன வெள்ளத்துல என் மக பிரசவ வலியோட இந்தக் கரையிலேயே...” மீதியைச் சொல்லாமல் துடுப்பை அழுத்தினார்.

அதிகாரி மெல்ல உட்கார்ந்தார். “எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா. மத்திய அரசு எங்க பங்கை வெட்டிடுச்சு. மேல இருந்து எங்களுக்கு வந்தாத்தானே உங்களுக்கு? ரெண்டாவது தவணை வராது.”

தலைவி தலை குனிந்தார்.

“கரையிலிருந்து கட்டியிருந்தா பாதி தூரமாவது நடந்திருக்கலாமே!” என்றார் அதிகாரி.

“நடந்து போய்? குதிக்கவா சார்?” என்றார் படகோட்டி.

தலைவி நிமிர்ந்தார். முகத்தில் வருத்தமே இல்லை.

“மேற்கே ரெண்டு பாலம் அப்படித்தான் கரையிலிருந்து கிளம்பி அந்தரத்துல நிக்குது. ரெண்டாவது தவணை வராதுன்னு எங்களுக்கு முதல் நாளே தெரியும் சார். அதான் உங்க பணத்தை எங்களால இறங்க முடியாத ஆழத்துல போட்டோம்.”

கையை உயர்த்தி அசைத்தார். இரண்டு கரைகளிலிருந்தும் முழங்கால் தண்ணீருக்குள், தலையில் கற்களோடு, ஊரே இறங்கி வந்துகொண்டிருந்தது.