ஓங்கிய கோடரி

காய்க்காத மாமரத்தைக் கோடரி காட்டி மிரட்டினால் காய்க்கும் என்று அந்த ஊரில் நம்பினார்கள். ஒருவர் ஓங்க, இன்னொருவர் குறுக்கே வந்து மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். தவசிமுத்துவின் வீட்டில் கெஞ்சுவது எப்போதும் மகள் இசக்கியம்மைதான். "வெட்டாதீங்கப்பா, வர்ற வருசம் காய்ச்சிரும்" என்று மரத்தைக் கட்டிக்கொண்டு சிரிப்பாள். ஐப்பசியில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. மழை விட்டதும் தவசிமுத்து வழக்கம்போல் மரத்தின் தூரைக் கொத்தி எருவிட்டார். பிறகு, பழகிய கை கோடரியை எடுத்து ஓங்கிவிட்டது. ஓங்கியபடியே நின்றது. அடுக்களையிலிருந்து மனைவி செவத்தி ஓடிவந்தாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: "ஏதாவது சொல்லுட்டி. கை வலிக்கி."