லேட் ஜெயபாண்டி

தல்லாகுளத்தில் தாமரைச்செல்வி அக்கா வீட்டு ஹாலில் சாயங்கால வெயில், ஆணியில் தொங்கும் ஹெல்மெட்டின் கண்ணாடியில் பட்டுக் கூசுகிறது. அவர் வீட்டுக்காரர் ஜெயபாண்டி அண்ணனுடையது. இன்றும் தூசி இல்லாமல் துடைத்திருக்கிறது. பாரிஸில் மகள் அஸ்வினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்காக, ஆங்கிலப் பத்திரிகையை அக்காவே போனில் போட்டுப் பிரெஞ்சுக்கு மாற்றிவிட்டார். பிரெஞ்சு டியூஷன் எடுக்கும் நான் பிழை பார்க்க வந்திருக்கிறேன். பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் என் பேனா நிற்கிறது. ஆங்கிலத்தில், லேட் ஜெயபாண்டி. நம்மூர்ப் பத்திரிகையில் அந்த 'லேட்'டுக்கு ஒரே அர்த்தம்தான். போனுக்கு அது தெரியவில்லை.

"என்னம்மா, தப்பா இருக்கா?" காபி ஆற்றிக்கொண்டே கேட்கிறார்.

"இறந்துட்டாருன்னு வரலக்கா. வர லேட்டாகும்னு வந்திருக்கு."

ஆற்றுகிற சத்தம் நிற்கிறது. நான் அந்த வார்த்தையை அடிக்கப் போகும்போது என் மணிக்கட்டை அவர் விரல்கள் பிடிக்கின்றன. காபி டம்ளரைப் பிடித்திருந்த விரல்கள், ஆனாலும் சில்லென்று இருக்கின்றன. "வாராருன்னுதானே போட்டிருக்கு? அத அழிக்காதம்மா."

தெருவில் ஒரு பைக் வேகத்தைக் குறைத்து, வீட்டு வாசலில் சற்று நேரம் உறுமிவிட்டு அணைகிறது. அக்கா எட்டிப் பார்க்கவில்லை. தட்டில் கவிழ்த்திருந்த மூன்றாவது டம்ளரை நிமிர்த்தி வைக்கிறார்.