பேரம் பேசாத சம்பந்தி

“மன அமைதி எட்டாயிரம் ரூபாய், ஜிஎஸ்டி தனி. அந்தத் துட்டுக்காகவாவது இன்னிக்கு வாயைக் கட்டிக்கிட்டு இருங்க” என்றாள் தேவானை, கணவரின் சட்டைக் காலரை இழுத்துவிட்டபடி.

தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் கதிரேசன் வாசலை எட்டிப் பார்த்தார். மகள் அனுப்ரியாவைப் பெண் பார்க்க வருகிறவர்களை இன்னும் காணோம். இதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் அவர் குரலால்தான் முறிந்தன. ஒரு சம்பந்தியிடம் மண்டப வாடகைக்குக் கத்தினார், இன்னொருவரிடம் பாயசத்துக்கு.

இந்தப் பையன் சக்திவேலை அனுப்ரியாவுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. கோட்டூர்புரம் நூலகத்தில் அவனைச் சந்தித்துப் பேசிவிட்டு வந்ததிலிருந்து துணி மடிக்கும்போதுகூடப் பாட்டுத்தான். காலையில் அப்பாவிடம் வந்து, “இந்த ஒரு தடவை மட்டும்ப்பா” என்றாள்.

கோபத்தை அடக்கத்தான் கதிரேசன், கல்யாணத் தரகர் புகழேந்தி சொல்லி, அடையாறில் ஒரு மாடி அறையில் நடக்கும் ஸ்டோயிக் வகுப்புக்கு எட்டாயிரம் கட்டிப் போய்வந்தார். பழைய கிரேக்கத்து ஞானிகள் கண்டுபிடித்த சூத்திரமாம். உன் எண்ணம் மட்டும்தான் உன் கையில்; ஊரார் வாயும் டிராஃபிக்கும் மழையும் உன் கையில் இல்லை; இல்லாததற்குக் கொதிக்காதே.

வந்தார்கள். வந்த வேகத்தில் கரண்ட் போனது. கதிரேசனுக்கு நாக்கு நுனி வரை ஒரு வார்த்தை வந்தது, விழுங்கிக்கொண்டார். பையனின் அப்பா பஞ்சாட்சரம், மந்தைவெளியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், விசிறி கேட்கக்கூட இல்லை. பதற்றத்தில் தேவானை டம்ளரைச் சாய்த்துவிட, காபி அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டியது.

“வேட்டிதானம்மா. துவைச்சா போயிரும்” என்று சிரித்தார் பஞ்சாட்சரம்.

கதிரேசனுக்குச் சுருக்கென்றது. பாத்திரக்கடைக்காரர் கொதிக்கிற காபிக்குச் சிரிக்கிறாரே.

“கல்யாணத்தை எங்க வச்சுக்கிடலாம் அண்ணாச்சி?” என்று கேட்டார் கதிரேசன்.

“உங்க சௌரியம்தான் அண்ணாச்சி.”

“சாப்பாட்டுச் செலவு பாதிப் பாதி...”

“முழுசும் எங்க தலையிலே போட்டாலும் சரிதான். நீங்க என்ன நினைக்கீங்க?”

“எனக்கென்ன, உங்க இஷ்டம்” என்றார் கதிரேசனும், வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி மூச்சை மெல்ல விட்டு.

கதிரேசனுக்குச் சந்தேகம் தட்டியது. கல்லாவில் உட்கார்ந்த நாளாக அவர் பார்த்து வைத்தது ஒன்று உண்டு. சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவன் வாங்க வந்தவன் இல்லை. கேட்ட விலைக்குத் தூக்கிக் கொடுக்கிறவனோ சேலையின் மடிப்பை விரித்துக் காட்டமாட்டான், உள்ளே கிழிசல் இருக்கும். பையன் நல்லவன் என்றால் அப்பன் இப்படியா இறங்கிப் போவான்? சீக்கா? கடனா? வேறெங்காவது ஒரு குடும்பமா?

பழைய கதிரேசன் என்றால் சத்தம் போட்டே கேட்டிருப்பார். எட்டாயிரம் ரூபாய் தொண்டையில் குறுக்கே நின்றது.

“ஜாதகத்தை இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்லுதோம்” என்றார், மிக அமைதியாக.

வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பஞ்சாட்சரமும் அமைதியாகவே கும்பிட்டுவிட்டு எழுந்தார். சக்திவேல் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அனுப்ரியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“சண்டை போட்டுக் கெடுத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்” என்றாள் தேவானை, காபி டம்ளர்களைப் பொறுக்கியபடி.

கதிரேசன் தரகருக்குப் போன் போட்டார். ஒரு வியாபாரி பேரம் பேசவில்லை என்றால் சரக்கில் ஏதோ கோளாறு என்று தன் சந்தேகத்தைக் கொட்டினார்.

மறுமுனையில் புகழேந்தி பெருமூச்சு விட்டார். “அவரும் இப்பத்தான் சார், கார்ல போய்க்கினே போன் பண்ணாரு. அப்பன் எதுக்கும் வாயே தொறக்கல, அப்ப பொண்ணாண்ட இன்னாவோ கோளாறு கீது, வேணாம்னுட்டாரு.”

“என் பொண்ணுக்கா?” கதிரேசனின் குரல் கூரையைத் தொட்டது. “அவர் ஏன்யா வாயைத் திறக்கல?”

“அவரும் உங்கள மாதிரிதான் சார், வந்த சம்பந்தத்தையெல்லாம் கத்தியே தொரத்துனவரு. அத்தான் அவரையும் அதே அடையாறு கிளாஸ்ல, சாயங்கால பேட்ச்ல நானே சேத்துவுட்டேன். உங்க பொறுமைக்கு அவரு பொறுமை சரிக்குச் சரியாப் பூட்ச்சி. கல்யாணம் ஒண்ணுதான் பாக்கி நிக்குது.”