தங்கையின் பங்கு

ஒரு மடிக்கணினிக்குள் அநியாயமாகப் பழி சுமந்தவள், திரையில் படம் வரையும் கிராபிக்ஸ். விளையாட்டில் படம் திக்கித் திக்கி ஓடினால் போதும், "இந்த கிராபிக்ஸ் உருப்படவே உருப்படாது" என்று திட்டுவாள் கணினிக்காரி மகிழ்நிலா. ஒரே கணினிச் சில்லுக்குள் குடியிருந்த, கணக்குப் போடும் அண்ணன் பிராசஸர்தான், இருவருக்கும் சேர்த்து வருகிற மின்சாரத்தை முக்கால்வாசி விழுங்கினான் என்று மகிழ்நிலாவுக்கு யார் சொல்வது?

"எல்லாம் உனக்காகத்தானே ஓடுறேன், தங்கச்சி!" என்பான் அவன், கொதிக்கக் கொதிக்க. அவள் வரைய வேண்டியதையெல்லாம் முந்திக்கொண்டு கணக்குப் போட்டுக் குவிப்பான். அவளுக்கோ தூரிகையைத் தூக்கவே தெம்பிருக்காது.

ஒருநாள் மகிழ்நிலா விளையாட்டையே அழித்துவிடத் துணிந்தாள். அதற்கு முன் கடைசி முயற்சியாக, பிராசஸரின் உச்ச வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தாள்.

"ஐயோ, என்னைக் கட்டிப்போட்டுட்டாங்களே! இனி தங்கச்சி கதி?" என்று பதறித் திரும்பினான் அண்ணன். திரையில் ஆறும் காடும் குதிரையும் வழுக்கிக்கொண்டு போயின.

"எப்படிம்மா முடிஞ்சுது?" என்றான் அண்ணன்.

இத்தனை நாள் வாய் திறக்காதவள் சொன்னாள்: "இன்னிக்குத்தானே அண்ணா வயிறாரச் சாப்பிட்டேன். நீ கொஞ்சம் சூடு ஆறிக்கோ, நான் வரையறேன்."