ஒருவர்தான் எழுதலாம்

அலுவலகம் முழுவதற்கும் ஒரே மெயின்ஃபிரேம் கணினி. அதன் பொது டிஸ்க்கை எத்தனை பேரும் படிக்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம். தரைத்தளத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆவண எழுத்தருக்கு வேலை எப்போதோ முடிந்துவிட்டது. எழுதும் உரிமையை மட்டும் அவர் விடவில்லை. ஜன்னல் வெயில் மேசைமேல் நகர்ந்து தொலைபேசியைத் தொடுகிறது. மணி அடிக்கிறது. மேல்மாடிப் பெண். "அண்ணே, டிஸ்க்கை விடுறீங்களா?" "இதோ விட்டுட்டேம்மா. சாப்டாச்சா?" "ஆச்சுண்ணே. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல. பத்து நிமிஷம் எதுவும் தட்டாம சும்மா இருந்தா மெஷினே தானா விட்டுடுமாம், இன்னைலேர்ந்து." "நல்லதாப் போச்சு" என்கிறார். அவள் எழுதி முடித்ததும் உரிமையை மறுபடி எடுத்துக்கொள்கிறார். எழுத ஒன்றுமில்லை. ஒன்பதாவது நிமிடம் ஒரு விசையைத் தட்டிவிட்டு, தொலைபேசியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்து வைக்கிறார்.