ஆளில்லாத முந்நூறு இருக்கை

“திருட்டுப் பயலுக! வேற என்ன பேர் சொல்றது?”

டென்ஸில் தட்டிய தட்டில் கடைப் பலகை மேலிருந்த டீக் கோப்பைகள் குதித்தன.

“கோப்பைய உடைச்சுடாத, ராசா. அவங்க என்னத்தைத் திருடினாங்க? முதல்ல அதைச் சொல்லு,” என்றாள் கடைக்காரி மோர்வென்னா.

பென்வோர் கால்பந்து மைதானத்தில் இடைவேளை. சொந்த ஊரில் இந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். ஆனால் பேச்சு முழுக்க ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ட்ரெவார்த் கிளப்பைப் பற்றித்தான். பண விஷயத்தில் விதியை மீறிவிட்டார்கள் என்று லீக் விசாரிக்கிறதாம். அவர்களுடைய புள்ளிகளைக் குறைக்கச் சொல்லி டென்ஸில் ஒரு மனு எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

“சம்பாதிக்கிறதுக்கு மேல கிளப்பு செலவு பண்ணக் கூடாது. அதான் விதி,” என்றார்.

“சரி.”

“அவங்க முதலாளி என்ன பண்றான்? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்நூறு டிக்கெட்டைத் தன்னோட கார்ப்பெட் கம்பெனி பேர்ல வாங்கிக்கிறான். ஏட்டைப் பார்த்தா அமோக விற்பனை! வாங்கறது யாரு? அவனே. உட்கார்றது யாரு? ஒருத்தனும் இல்ல!”

மோர்வென்னாவுக்குக் குழம்பியது.

“அவரு கிளப்பு, அவரு காசு. ஆசைப்பட்டுப் போடறாரு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

“நமக்குத்தான்!” என்றார் பக்கத்தில் நின்ற பெட்ராக், வாய் நிறைய, கறியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டியோடு. “அந்தக் காசுல ரெண்டு ஆட்டக்காரனை இழுத்துக்கிட்டு, நம்மளவிட நாலு புள்ளி மேல நிக்கறானுங்க.”

“அதுவும் நியாயம்தான்... ஆனா...”

“என்ன ஆனா?” டென்ஸில் விடவில்லை. “விக்காததை வித்ததாக் காட்டினா அது பொய். நல்ல மனசோட செஞ்சாலும் பொய்தான். ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவளுக்கு இதை நானா சொல்லணும்?”

மோர்வென்னா சாய்ந்திருந்த கோப்பைகளை நேராக்கி வைத்தாள்.

“ஆட்டம் முடியட்டும். யோசிச்சுக் கையெழுத்துப் போடறேன்.”

யோசிக்க அவளுக்கு வேறு விஷயம் இருந்தது. பிப்ரவரியில் வந்த கிளப் கமிட்டிக் கடிதம் கெட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. ஆட்டத்துக்கு அறுபது பாஸ்டி விற்க வேண்டும். சீசன் முடியும்வரை ஒரு தடவை குறைந்தாலும் கடையை மூடிவிட்டு, அந்த இடத்தை பர்கர் வண்டிக்குக் கொடுத்துவிடுவார்கள். புருஷன் போன பிறகு, பிள்ளைகளும் ஆளுக்கொரு ஊரில் என்றான பிறகு, அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பது இந்தக் கடைக்காகத்தான்.

நல்லவேளை, இதுவரை அறுபதுக்குக் குறையவில்லை. டென்ஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற குவாரியில், ராத்திரி ஷிஃப்ட் ஆட்கள் பன்னிரண்டு பேருக்கு அவர்தான் வாங்கிப் போவார். யாருடையது எதுவென்று மாறிவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் மூலையிலும் அவரவர் பேரின் முதல் எழுத்தை மாவிலேயே ஒட்டிச் சுடுவாள். ஒட்டும்போது அந்த முகம் தெரியாத மனிதருக்காக ஒரு சின்ன ஜெபம்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. தட்டில் சரியாகப் பன்னிரண்டு மிச்சம். டென்ஸிலைக் காணோம். அதோ, கிளப் செயலாளர் நோட்டோடு கடையை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

‘ஆண்டவரே, அந்த மனுஷனை சீக்கிரம் அனுப்பி வையும்.’

“மறந்தே போயிட்டேன், மோர்வென்னா!” டென்ஸில் மனுவை ஆட்டிக்கொண்டே மூச்சிரைக்க ஓடி வந்து காசை நீட்டினார். அவள் பன்னிரண்டையும் அவர் கூடையில் அடுக்கினாள்.

“குவாரியில அந்த பெர்ட்டுக்கு முதுகுவலி தேவலையா?”

“யாருக்கு? ஆங்... பெர்ட்! இப்ப நல்லா குனிஞ்சு நிமிர்றான்.”

“ஸ்தோத்திரம். தினமும் ஜெபத்துல சொல்லிட்டிருந்தேன்.”

செயலாளர் வந்து நின்றார். “அறுபதாம்மா?”

“அறுபது, ஐயா.”

எழுதிக்கொண்டார். “அப்போ அடுத்த வருஷமும் கடை உங்களுக்குத்தான்,” என்று சிரித்துவிட்டு நடந்தார்.

மோர்வென்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிம்மதியில், டென்ஸில் நீட்டிய மனுவையும் பேனாவையும் வாங்கிக்கொண்டாள்.

“நீ சொன்னதுதான் சரி, ராசா. பொய் பொய்தான்.”

பேனா காகிதத்தைத் தொடப்போன நேரம், டென்ஸிலின் மனைவி தெல்மா வந்தாள். அவள் இந்தப் பக்கம் வருவதே அபூர்வம். கூடையை எட்டிப் பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“இன்னைக்குமா? ஏன் மனுஷா, பட்டாணி வைக்கக்கூட ஃப்ரீசர்ல இடமில்ல! பக்கத்து வீட்டு ஃப்ரீசரையும் ரொப்பியாச்சு. மூலைக்கு மூலை எழுத்து வேற. யாரு இவங்கல்லாம்னு கேட்டா, வாயைத் திறக்க மாட்டேங்கறாரு!”

டென்ஸில் காது வரை சிவந்து, தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாங்கறது யாரு? அவரே. சாப்பிடறது யாரு?

மோர்வென்னா நிமிர்ந்தாள். செயலாளர் இன்னும் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. ஒரு குரல் கொடுத்தால் திரும்பிவிடுவார். கூப்பிட வாயைத் திறந்தாள். மூடினாள். இத்தனை நாள் பெர்ட்டின் முதுகுக்காகச் செய்த ஜெபமெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்றும் புரியவில்லை.

கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் பேனாவை மூடினாள். மனுவை நாலாக மடித்து, கூடையில் சுடச்சுட இருந்த பாஸ்டிகளுக்கு நடுவே செருகினாள்.

“இதையும் ஃப்ரீசர்லயே போட்டு வை, ராசா.”